வேகம் பார்க்கும் பொத்தான்

தமீம் அன்சாரிக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் மனசு ஆறாது. கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பான். நாலு எட்டு நடந்து திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பான். பஸ் ஏறிய பிறகு பக்கத்துக் கடைக்கு போன் போட்டு, "அண்ணே, எங்க ஊடு பூட்டிக்கீதான்னு கொஞ்சம் பாருங்கண்ணே" என்பான். பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்கிற குடும்பம் அது. அவனையும் கடையில் உட்கார வைத்துத்தான் பார்த்தார்கள். எடை போட்ட இறாலையே திரும்பத் திரும்ப எடை போட்டான். "என்னா பாய், உம் புள்ளைக்கு எம்மேல நம்பிக்கை இல்லியா?" என்று வருகிறவனெல்லாம் கோபித்துக்கொண்டு போனான். வாப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு, பையனைக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பிவிட்டார். கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளாது என்பது அவர் எண்ணம். பாவம், அவருக்கு என்ன தெரியும்!

படித்து முடித்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் குழாய் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தான். சம்பளம் நிலைத்ததும் பெண் பார்த்தார்கள். பெண் அதே ஊர்தான். ஏற்றுமதிக்கு இறால் அனுப்புகிற கிஃபாயத்துல்லாவின் மகள் அஃப்ஸானா. பார்த்துவிட்டு வந்த அன்றே பையனுக்குத் தலைகால் புரியவில்லை. "அவளுக்கு என்னப் புடிச்சிக்கீதா உம்மா? நல்லா கேட்டியா?" என்று தாயாரைப் பிடுங்கி எடுத்தான். அந்த அம்மாளும் ஆள் மாற்றி ஆள் அனுப்பிக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் பிடித்திருக்கிறது என்றே பதில் வந்தது. "இன்னொரு வாட்டி கேட்டீன்னா, புடிக்கலன்னு சொல்லிடப் போறா" என்று வாப்பா அதட்டிய பிறகுதான் அடங்கினான்.

நிச்சயம் ஆன கையோடு கம்பெனியில் நாலு சர்வர் பெட்டிகள் வந்து இறங்கின. அங்கேதான் ஆரம்பித்தது வினை.

அதுவரை பில் போட ஒன்று, ஸ்டோர்ஸுக்கு ஒன்று, கேட் பாஸுக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று என்று ஏ.சி. அறை நிறைய பழைய சர்வர்கள் நின்றன. பாதிக்கு மேல் கிழடு தட்டியவை. தமீம்தான் யோசனை சொன்னான். நாலே நாலு புதுப் பெட்டி வாங்குவோம். நாலிலும் உள்ள டிஸ்க்குகளை நெட்வொர்க் வழியாகக் கோத்து ஒரே பெரிய கிடங்காக ஆக்குவோம். பழைய சர்வர்களை எல்லாம் அதன்மேல் மெய்நிகர் கம்ப்யூட்டர்களாக ஓட்டுவோம். மெய்நிகர் என்றால் ஆளைக் காணாது, வேலை மட்டும் நடக்கும். எதை எழுதினாலும் இரண்டு பெட்டிகளில் எழுதி வைக்கும். ஒன்று படுத்துக்கொண்டால் இன்னொன்று காப்பாற்றும். இரண்டு பெட்டியும் 'எழுதியாச்சு' என்று சொன்னால்தான் அடுத்த வேலை நகரும்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் அது. இதெல்லாம் அந்தப் பக்கத்தில் புதுசு. பிளாண்ட் மேனேஜர் எட்வர்ட் இதே கம்பெனியில் குழாய் அறுக்கிற ஆளாகச் சேர்ந்து மேலே வந்தவர். பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பில்லிங் கம்ப்யூட்டர் இதுல எது தமீமு?"

"எதுன்னு சொல்ல முடியாது சார். நாலுலயும் கொஞ்சம் கொஞ்சம் கீது."

"ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரு?"

"அதுவும் இதுலதான் சார்."

எட்வர்ட் குனிந்து பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "ஒரே ஊட்ல இத்தினி பேர வெச்சா சண்டை வராதா?"

தமீம் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது. அந்த மனுஷர் கேட்டது சரியான கேள்வி.

முதல் மாதம் ஜோராக ஓடியது. பிறகு மெல்ல மெல்ல இழுக்க ஆரம்பித்தது. பில்லிங் பிரிவுத் தலைவி கிரேஸ் ஒரு பில்லைத் தட்டிவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்து, பக்கத்து மேஜையில் நாட்டு நடப்பு பேசிவிட்டு வந்தாலும் திரையில் அந்த மணல் கடிகாரம் அப்படியே நிற்கும். கேட் பாஸ் வராமல் லாரிகள் வாசலில் வரிசை கட்டின. நெல்லூர்ப் பக்கத்து டிரைவர்கள் கொஞ்ச நாள் கத்திப் பார்த்தார்கள். அப்புறம் லாரிக்குக் கீழேயே ஸ்டவ்வைப் பற்றவைத்து, கம்பெனி வாசலில் சாவகாசமாகப் புளிக்குழம்பு வைக்கத் தொடங்கிவிட்டார்கள். "அவசரமில்ல நைனா, சாப்ட்டுட்டுப் போறோம்" என்று ஒருவர் எட்வர்டுக்கே ஒரு கிண்ணம் நீட்டினார். எட்வர்டுக்கு அவமானத்தில் முகம் சிவந்துபோயிற்று. குழம்பை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நேரே தமீமிடம் வந்தார். "இது ஒழுங்கா ஓடற வரைக்கும் உனுக்கு லீவு கெடையாது."

"சார், எனுக்குக் கல்யாணம் சார்."

"மொதல்ல இது ஓடட்டும். அப்பால நீ போ."

இப்படித்தான் கல்யாணத் தேதி ஒரு தடவை தள்ளிப்போயிற்று. கிஃபாயத்துல்லா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். புதுத் தேதி குறித்த அன்று மாப்பிள்ளைக்கு போன் போட்டார். "மாப்ள, எறாலயே ரெண்டு நாளைக்கு மேல நான் ஐஸ்ல வெக்க மாட்டேன். நிச்சயம் பண்ண பொண்ண எத்தினி மாசம் வெச்சிக்கினு இருக்கறது? இந்த வாட்டியும் தள்ளிச்சின்னா, வேற எடம் பாத்துக்கறேன். அப்பால பேஜாரு பண்ணக் கூடாது." சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் சும்மா மிரட்டுகிற ஆளும் இல்லை.

அன்றிலிருந்து தமீம் ஏ.சி. அறையிலேயே குடியிருந்தான். பெட்டிகள் முன்கூட்டியே படித்து வைக்கும் அளவைக் கூட்டினான். எழுதவேண்டியதை நினைவில் தேக்கிவைத்து மொத்தமாக எழுதும் அளவைக் கூட்டினான். பிறகு பயந்துபோய்க் குறைத்தான். நெட்வொர்க்கில் போகிற தகவல் பொட்டலங்களைப் பெரிதாக்கினான். ஒன்றை மாற்றுவான், வேகம் பார்ப்பான். அடுத்ததை மாற்றுவான், வேகம் பார்ப்பான். வேகம் பார்க்க அவனே ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தான். அது ஒரு சினிமா சி.டி. அளவுக்கு வெறும் குப்பையைக் கிடங்கில் எழுதும், திரும்பப் படிக்கும், எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்குப் பார்த்து ஓர் எண்ணைக் காட்டும். எண் பெரிதாக இருந்தால் நல்லது. அதை எல்லா மெய்நிகர் கம்ப்யூட்டரிலும் போட்டு, மணிக்கு ஒரு தடவை ஓட விட்டான். வேகம் குறைந்தது. கவலை வந்து அரைமணிக்கு ஒரு தடவை ஆக்கினான். இன்னும் குறைந்தது. நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆக்கினான். ஐயோ, இந்தப் பிள்ளையை என்ன சொல்வது!

ஒருநாள் எட்வர்ட் அறைக்குள் வந்தவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டார். "இன்னாது இது?"

"வேகம் சார். இப்ப எவ்ளோ வேகமா ஓடுதுன்னு காட்டும்."

எட்வர்டுக்குக் கண் விரிந்தது. குழாய்க் கம்பெனியில் அளவு பார்க்காமல் ஒன்றும் நகராது. குழாயின் வாயில் அளவு பார்க்கிற கேஜை வைப்பார்கள், சுவரின் தடிமனுக்கு ஒரு கேஜ், மரைக்கு ஒரு கேஜ். அறுக்கிறவன் பார்ப்பான், அடுத்தவன் பார்ப்பான், அனுப்புகிறவன் இன்னொரு தடவை பார்ப்பான். இருபது பேர் பார்த்தாலும் குழாய் தேய்ந்தா போகும்? அந்தப் பழக்கத்தில் ஊறிய மனுஷர் அவர்.

"அட, இத்தினி நாளா இத்த சொல்லாம வெச்சிக்கினு கீறியே! என் டேபிளுக்கு ஒண்ணு குடு. ஒரு பொத்தான் அமுத்துனா நம்பர் வரணும்."

தமீம் அவர் திரையில் ஒரு பச்சைப் பொத்தானை வைத்துக் கொடுத்தான். மறுநாளே ஸ்டோர்ஸ் தலைவர் கோபால் வந்து நின்றார். "அவுருக்கு மட்டும் வெச்சிக்கிற, எனுக்கு வெக்க மாட்டியா? ஸ்டோர்ஸுன்னா அவ்ளோ எளப்பமா?" அவருக்கும் வைத்தான். கோபாலுக்கு வைத்ததைக் கேள்விப்பட்டுக் கிரேஸ் வந்தாள். கிரேஸுக்கு வைத்ததும் தரக்கட்டுப்பாடு வந்தது, பணியாளர் பிரிவு வந்தது. வாரம் முடிவதற்குள் ஆபீஸில் பொத்தான் இல்லாத மேஜை இல்லை.

பொத்தான் வந்தால் பந்தயம் வராமல் இருக்குமா? கோபாலுக்கும் கிரேஸுக்கும் முதலிலிருந்தே ஆகாது. "எங்க எண்ணு உங்களவிட ஜாஸ்தி" என்று இவர் சொல்ல, "அதையும் பாத்துருவோம்" என்று அவள் சொல்ல, கடைசியில் ஒரு ஏற்பாடு ஆயிற்று. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, இன்டர்காமில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி எல்லாப் பிரிவுகளும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்க வேண்டும். யாருக்கு எண் குறைவோ அந்தப் பிரிவு கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும், வாழைக்காய் பஜ்ஜியோடு. கேன்டீன் டீ மாஸ்டர் தாவீது சந்தோஷத்தில் இரண்டாவது வாணலி வாங்கிவிட்டார். தோற்றவர்கள் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை அமுக்கினார்கள். ஜெயித்தவர்கள் ஆசைப்பட்டு இன்னொரு தடவை அமுக்கினார்கள். வேலைக்கு நடுவிலும் ஒத்திகை பார்த்தார்கள்.

உள்ளே நாலு பெட்டிகளும் குப்பையை எழுதி எழுதி மாய்ந்தன. வெளியே லாரி டிரைவர்கள் சாம்பாருக்கு முன்னேறியிருந்தார்கள். நடுவில் தமீம், எண்கள் சரியச் சரிய, அளவுகளைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மாலையில் அஃப்ஸானா தன் அண்ணியின் போனிலிருந்து கூப்பிட்டாள். "இன்னா ஆச்சு? லீவு குடுத்தாங்களா?"

"குடுத்துருவாங்க."

"எங்க அத்தா வேற எடத்துக்குச் சொல்லி வெச்சிக்கிறாரு. பொன்னேரிலருந்து ஒருத்தங்க வந்து பாத்துட்டுப் போனாங்க. அந்தப் பையனுக்குக் கம்ப்யூட்டரே தெரியாதாம். அதான் ரொம்ப நல்ல பையன்னு எல்லாரும் சொல்றாங்க."

தமீமுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு வாய் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் தாவீதின் தங்கை பள்ளிப்பட்டில் புதுவீடு கட்டிக் குடிபோனாள். மாஸ்டர் கேன்டீனைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். டீ இல்லை, பஜ்ஜி இல்லை. பஜ்ஜி இல்லாமல் எவன் பந்தயம் கட்டுவான்? எல்லோரும் உர்ரென்று உட்கார்ந்து வேலையைப் பார்த்தார்கள். தமீமும் முந்தின நாள் ராத்தூக்கம் கெட்டிருந்ததால் நிரலை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு அளவை மட்டும் மாற்றிவிட்டு, மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிப்போனான்.

கண் விழித்தால் ஆபீஸே அமர்க்களப்பட்டது. பில்கள் பறந்தன. மத்தியானத்துக்குள் வாசலில் ஒரு லாரி இல்லை. பாதி வெந்த சாதத்தோடு டிரைவர்கள் ஓடவேண்டியதாயிற்று. எட்வர்ட் வந்து தமீமைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பண்ண தமீமு?"

"படிச்சி வெக்கிற அளவ மாத்துனேன் சார்." பையனுக்குப் பெருமை தாங்கவில்லை. "கரெக்டான அளவு கெடைக்கத்தான் சார் லேட்டாயிடுச்சி."

எட்வர்ட் அங்கேயே, நின்ற நிலையிலேயே லீவு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். தமீம் உம்மாவுக்குச் சொன்னான், கிஃபாயத்துல்லாவுக்குச் சொன்னான், அஃப்ஸானாவின் அண்ணிக்குச் சொன்னான். சொன்னது அவர்கள் காதில் சரியாக விழுந்ததா என்று மறுபடியும் ஒரு சுற்றுக் கூப்பிட்டுக் கேட்டான்.

மறுநாள் தாவீது திரும்பி வந்தார். புதுவீட்டு இனிப்போடு வாணலியை ஏற்றினார். தமீமும் வேகம் அப்படியே நிற்கிறதா என்று பார்க்க நிரலை மறுபடி ஓட விட்டான். பத்து மணிக்கெல்லாம் லாரிகள் வாசலில் நின்றன, ஸ்டவ்வுகள் எரிந்தன. எட்வர்ட் தமீமின் மேஜைக்கு வந்து, அந்த லீவு கடிதத்தை எடுத்து மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

தமீம் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டோர்ஸுக்குப் போனான். உங்கள் பிரிவில் நேற்று என்ன செய்தீர்கள், இன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கத்தான் போனான். கோபால் ஒரு கையால் 'இரு' என்று சைகை காட்டினார். மறுகையில் இன்டர்காம்.

"எல்லாரும் ரெடியா? கிரேஸு, முன்னாடியே அமுத்தாத, போன வாட்டி மாதிரி ஏமாத்தாத! ஒண்ணு... ரெண்டு... மூணு!"

ஸ்டோர்ஸுக்கும் ஏ.சி. அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர்தான். தமீம் தற்செயலாக அந்தப் பக்கம் பார்த்தான். நாலு பெட்டிகளிலும் இருந்த அத்தனை விளக்குகளும் ஒரேயடியாக எரிந்தன. எரிந்தபடியே இருந்தன. ஸ்டோர்ஸ் கவுன்டரில் ரசீது போட்டுக்கொண்டிருந்தவர், "போச்சுடா, நின்னுடுச்சி" என்று கையை உதறினார்.

தமீமுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான். ஸ்டோர்ஸ் முழுக்கக் கேட்டது.

அவசர அவசரமாகப் பொத்தான்களை எடுத்தான். எடுத்த ஐந்தாவது நிமிஷம் ஆபீஸே திரண்டு வந்துவிட்டது. "யார் கேட்டு எடுத்த?" என்றாள் கிரேஸ். "நான் ஜெயிக்கற நேரம் பாத்து எடுக்கச் சொன்னது இவங்கதான்" என்றார் கோபால். வாணலிக் கரண்டியோடு தாவீதும் நின்றார். தமீம் கையெடுத்துக் கும்பிட்டு, எல்லாப் பொத்தானையும் திரும்ப வைத்தான். இனி எட்வர்டிடம் உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை. சொன்னால் வேலையே போகலாம். சொல்லாவிட்டால் அஃப்ஸானா போய்விடுவாள். அதை நினைத்ததும் கால் தானாக நடந்தது.

எட்வர்ட் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "யோவ், கேஜ் வெச்சா பைப் தேயுமா?" என்றார்.

"இந்தப் பைப்பு தேயும் சார். ஒவ்வொரு வாட்டி அமுத்தும்போதும் ஒரு சி.டி. அளவுக்கு எழுதுது. அதயும் ரெண்டு எடத்துல எழுதுது. பில்லு பின்னால காத்துக்கினு நிக்குது." தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான் சார் மொத ஆளு. நிமிஷத்துக்கு ஒரு வாட்டி நானே ஓட விட்டுக்கினு இருந்தேன்."

எட்வர்டின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"நானும் அமுத்துனேன் தமீமு."

"நீங்களுமா சார்? பந்தயத்துக்கா?"

"சேச்சே! உனுக்கு லீவு குடுக்கலாமா வேணாமான்னு தெரியணும்ல? காலைலருந்து சாயங்காலம் வரிக்கும் அமுத்தி அமுத்திப் பாப்பேன். இப்ப ஏறுமா, இப்ப ஏறுமான்னு. உன் மூஞ்சப் பாத்தா பாவமா இருக்கும், போய் இன்னொரு வாட்டி அமுத்துவேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்வர்டுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தமீமுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. லீவு கடிதம் இன்னும் அந்தச் சட்டைப்பையில்தான் இருந்தது.

"பொத்தான எடுத்தா ஊரு தாங்காது" என்றார் எட்வர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொத்தான் இருக்கட்டும். அமுத்துனா எதையும் எழுதாம, சும்மா ஒரு நம்பரு காட்டற மாதிரி பண்ண முடியுமா?"

"பண்ணலாம் சார். ஆனா அது பொய் நம்பரு சார்."

வாழ்நாள் முழுக்கக் கேஜைக் கீழே வைக்காத மனுஷர் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆண்டவரு மன்னிப்பாரு. பண்ணு."

தமீம் பண்ணினான். தன் நிரலையும் ஒவ்வொன்றாக நிறுத்தினான். கடைசி ஒன்றை நிறுத்திவிட்டு, நின்றதா என்று இரண்டு தடவை பார்த்தான். மாலையில் கோபால் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார். ஸ்டோர்ஸ் வரலாற்றிலேயே இல்லாத எண் அவருக்கு வந்தது. "சும்மா சொல்லக் கூடாது, பாய் நல்லா டியூன் பண்ணிக்கிறாம்ப்பா!" என்று ஆபீஸ் அதிரக் கத்தினார். கிரேஸ் முணுமுணுத்தபடி பஜ்ஜிக்குச் சொல்லி அனுப்பினாள். நெல்லூர் லாரிகள் வந்த வேகத்தில் போயின. எட்வர்ட் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, தமீமின் கையில் வைத்தார்.

குறித்த தேதியில் பழவேற்காட்டில் நிக்காஹ் நடந்தது. எட்வர்ட், கோபால், கிரேஸ் எல்லோரும் கம்பெனி வேனில் வந்து இறங்கினார்கள். மணமேடையில் உட்கார்ந்தபடியே மாப்பிள்ளையின் கை சட்டைப்பையில் இருந்த போனைத் தேடியதை எட்வர்ட் பார்த்துவிட்டார். எழுந்து வந்து அதைப் பிடுங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, கிஃபாயத்துல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணியை ஒரு கை பார்த்தார்.

சாயங்காலம் பெண் வீட்டில் இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டு, பெரியவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். நடுவில் ஒரு தட்டு நிறைய இறால் தொக்கு. தமீம் மெல்லக் கேட்டான்.

"உனுக்கு சந்தோஷமா?"

அஃப்ஸானா தலையாட்டினாள். ஒரு வாய் சாப்பிட்டான்.

"நெஜமாவே சந்தோஷமா?"

"ம்."

இன்னொரு வாய் சாப்பிட்டான். "இல்ல, தள்ளித் தள்ளிப் போச்சே, அதான் கேட்டேன். இப்ப சந்தோஷம்தான?"

அஃப்ஸானா கையில் எடுத்ததைத் தட்டில் வைத்தாள். "இப்டிக் கேட்டுக்கினே இருந்தீங்கன்னா, நான் பதில் சொல்லிக்கினேதான் இருக்கணும். சந்தோஷமா எப்பங்க இருக்கறது?"

தமீம் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். குனிந்த தலை நிமிராமல், ஒன்றுமே கேட்காமல், தொக்கைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான். எதிரே அஃப்ஸானா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை அவன் பார்க்கவே இல்லை.